மோட்டார் ஓடுது... தண்ணி ஏறலையா? பழைய வீட்டு பைப்புக்குள் என்ன நடக்கிறது?

காலை 6 மணி. சிதம்பரத்தில் தேரோடும் வீதி ஒன்றில் ஒரு பழைய வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், கொல்லையில் கிணறு. பின்கட்டை மட்டும் இடித்து மாடி எடுத்திருக்கிறார்கள். அதன் மேல் கறுப்பு நிற பிளாஸ்டிக் டேங்க்.

"டேங்க் நிறைஞ்சுதாடா, பாரு!" என்று கீழேயிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்.

"இன்னும் பாதிகூட ஏறலம்மா!" என்று மாடியிலிருந்து பதில் வருகிறது. மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது.

பிளம்பர் வருகிறார். காதை வைத்துக் கேட்கிறார். "மோட்டார் தேஞ்சுபோச்சும்மா. இதை எடுத்துட்டு ஒன்றரை ஹெச்.பி. போட்டுடலாம்" என்கிறார். பல ஆயிரம் ரூபாய் செலவில் புது மோட்டார் வருகிறது. டேங்க் கொஞ்சம் சீக்கிரம் நிறைவதுபோலத் தெரிகிறது. இரண்டு வாரம் கழித்து, சமையலறைச் சுவரில் ஈரம் படர்கிறது. உள்ளே ஏதோ ஒரு ஜாயின்ட் விட்டுவிட்டது!

இது ஒரு வீட்டின் கதை அல்ல. சிதம்பரத்தின் சந்நிதித் தெருக்களிலிருந்து கடலூர் முதுநகர், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் வரை, முப்பது நாற்பது வருடங்களைத் தாண்டிய வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான். தண்ணீர் ஏறவில்லை என்றால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் மோட்டார் மேல். பல நேரங்களில் நிஜமான குற்றவாளி, சுவருக்குள் ஒளிந்திருக்கும் பைப்!

மோட்டாருக்கு இரண்டே வேலை

வீட்டு மோட்டார் செய்யும் வேலை இரண்டுதான். ஒன்று, தண்ணீரை உயரத்துக்குத் தூக்குவது. இரண்டு, பைப்பின் உராய்வைத் தாண்டித் தள்ளுவது.

முதல் வேலையின் கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்க, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் வேண்டும். சம்ப்பின் அடி முதல் மாடி டேங்க்கின் வாய் வரை 36 அடி என்றால், அது 11 மீட்டர். இந்த உயரம் நேற்றும் அதேதான், இன்றும் அதேதான். ஆக, போன வருடம் அரை மணி நேரத்தில் நிறைந்த டேங்க் இந்த வருடம் ஒன்றரை மணி நேரம் எடுக்கிறது என்றால், கூடியிருப்பது உயரம் இல்லை. ஒன்று, மோட்டாரின் இம்பெல்லர் தேய்ந்திருக்க வேண்டும். அல்லது, இரண்டாவது வேலையான உராய்வு கூடியிருக்க வேண்டும். அல்லது, உறிஞ்சும் பக்கத்தில் கோளாறு இருக்க வேண்டும். மூன்றில் எது என்று பார்க்காமல் மோட்டாரை மாற்றுவது, காய்ச்சல் என்றதும் கண்ணாடியை மாற்றுவதுபோலத்தான்.

வீராணம் எனும் பெரிய வீடு

இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் புரிந்துகொள்ள, இதே மாவட்டத்தில் ஒரு பிரமாண்ட உதாரணம் இருக்கிறது. காட்டுமன்னார்கோவில் பக்கத்து வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் புதிய வீராணம் திட்டம். 2004-ல் செயல்பாட்டுக்கு வந்தது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகும் வகையில் வடிவமைக்கப்பட்டது.

சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு பம்ப் மூலம் தண்ணீர் போகிறது. அங்கிருந்து மறுபடி பம்ப் வைத்து, சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி மேடான இடத்தில் இருக்கும் காடாம்புலியூர் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். அதற்குப் பிறகு சென்னை போரூர் வரை சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தை, தண்ணீர் தன் எடையாலேயே, சரிவில் இறங்கிக் கடக்கிறது!

காடாம்புலியூர் தொட்டிதான் அந்தத் திட்டத்தின் மாடி டேங்க். நம் வீட்டில் நடப்பதும் இதேதான். மோட்டார் தண்ணீரை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அங்கிருந்து குழாய்க்கு வருவது புவியீர்ப்பின் வேலை. அத்தனை தூரத்தைச் சரிவு மட்டுமே கடத்த முடிவதற்குக் காரணம், ஆள் உள்ளே நுழையும் அளவுக்கு அகலமான குழாய்கள். குழாய் அகலமாக இருந்தால் குறைந்த அழுத்தமே போதும். குறுகிவிட்டால் எவ்வளவு அழுத்தமும் போதாது.

சுவருக்குள் வளரும் துரு

பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஜி.ஐ. பைப். இரும்புக் குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு. பூச்சு இருக்கும்வரை பிரச்னை இல்லை. அது கரைந்ததும் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். எனவே, பைப்பின் உள்சுவரில் கட்டி கட்டியாகப் புடைத்து நிற்கும். தண்ணீரில் உப்பு அதிகமானால் இது வேகமாக நடக்கும். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரை அதிகமாக உறிஞ்சும்போது கடல்நீர் உள்ளே வருவது தெரிந்த விஷயம்தான். கடலூரில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு, போர் தண்ணீர் உப்புக் கரிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே பார்த்தால் 1 இன்ச் பைப். உள்ளே தண்ணீர் போக மிச்சமிருக்கும் துவாரம் அரை இன்ச்! 'பாதியாகத்தானே குறைந்திருக்கிறது' என்று தோன்றும். ஆனால், உராய்வின் கணக்கு வேறு. விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீரை அனுப்ப வேண்டிய உராய்வு அழுத்தம் சுமார் 30 மடங்காகிறது. 1 இன்ச் பைப்பை முக்கால் இன்ச்சாக மாற்றினாலே அது 4 மடங்கு. செலவை மிச்சம் பிடிக்க நடுவில் ஓரிடத்தில் முக்கால் இன்ச் பைப் போட்டு ஒட்டுவது எவ்வளவு பெரிய தப்பு என்பது இப்போது புரியும்.

வளைவுகளுக்கும் விலை உண்டு. 1 இன்ச் எல்போ ஒன்று, ஏறத்தாழ இரண்டரை அடி நேர் பைப்புக்குச் சமமான தடையைத் தருகிறது. பழைய வீட்டில் முற்றத்தைச் சுற்றி, உத்தரத்தைத் தாண்டி, பின்கட்டுக்குப் போவதற்குள் 10 எல்போ வந்துவிட்டால், 25 அடி பைப்பைக் கூடுதலாகப் போட்டதற்குச் சமம்.

பெரிய மோட்டார் போட்டால் என்ன ஆகும்? ஒரே பைப்பில் இரண்டு மடங்கு தண்ணீரைத் தள்ள, உராய்வைத் தாண்ட மட்டும் கிட்டத்தட்ட 4 மடங்கு அழுத்தம் தேவை. அதனால் 1 ஹெச்.பி.யை 2 ஹெச்.பி. ஆக்கினாலும் தண்ணீர் இரட்டிப்பாகாது. கூடுவது கரன்ட் பில்லும், துருப்பிடித்த ஜாயின்ட்கள் மேல் விழும் அழுத்தமும்தான். சமையலறைச் சுவர் நனைந்த கதை இதுதான்.

ஒரு பக்கெட்... ஒரு செல்போன்...

பைப்பா, மோட்டாரா என்று கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். 15 லிட்டர் பக்கெட்டும், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் போதும்.

மாடி டேங்க்கில் தண்ணீர் விழும் இடத்தில் பக்கெட்டைப் பிடியுங்கள். எத்தனை விநாடியில் நிறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மோட்டாருக்குப் பக்கத்திலேயே டெலிவரி பைப்பில் யூனியன் அல்லது கேட் வால்வு இருந்தால், பிளம்பரை வைத்து அதைக் கழற்றி, தரையிலேயே இன்னொரு முறை பிடித்துப் பாருங்கள். இங்கே தண்ணீர் உயரம் ஏற வேண்டியதில்லை என்பதால் மாடியைவிடக் கொஞ்சம் அதிகமாக வருவது இயல்பு. ஆனால், கீழே பீய்ச்சி அடித்து மேலே நூலாக விழுந்தால், மோட்டார் நன்றாக இருக்கிறது; பைப் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கீழேயே மந்தமாக வந்தால் மோட்டாரையும் உறிஞ்சும் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த விநாடிக் கணக்குக்குப் பணமதிப்பும் உண்டு. மாடியில் பக்கெட் 30 விநாடியில் நிறைந்தால், 1,000 லிட்டர் டேங்க் 33 நிமிடத்தில் நிறையும். 2 நிமிடம் எடுத்தால், அதே டேங்க்குக்கு 2 மணி 13 நிமிடம். வித்தியாசம் தினம் 100 நிமிடம். இரண்டு மாதத்துக்கு 100 மணி நேரம். 1 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 யூனிட் இழுக்கும் என்று வைத்தால், கூடுதலாகப் போவது 100 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழ்நாடு அரசு அறிவித்ததல்லவா... அந்த 100 யூனிட்டையும் அடைபட்ட பைப் ஒன்றே குடித்துவிடும்!

ஈரம் காட்டாத ஓட்டை

கோளாறு உறிஞ்சும் பக்கம் என்றால் கதையே வேறு. தரைக்கு மேல் இருக்கும் மோட்டார், தண்ணீரை 'இழுப்பதாக' நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பைப்புக்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் அதிகபட்சம் 34 அடி உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தாங்க முடியும். நடைமுறையில் 25 அடிதான் எல்லை. கோடையில் கிணற்று மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், எத்தனை ஹெச்.பி. மோட்டாரை மேலே வைத்தாலும் தண்ணீர் வராது. மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்க வேண்டும், அல்லது ஜெட் பம்ப், சப்மெர்சிபிள் என்று மாற வேண்டும்.

இன்னொரு சிக்கல், டெலிவரி பைப்பில் ஓட்டை இருந்தால் தண்ணீர் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பைப்பில் ஓட்டை இருந்தால், மோட்டார் ஓடும்போது தண்ணீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும்! தண்ணீர் துப்பித் துப்பி வருவதும், மோட்டார் ஓட ஓட சத்தம் மாறுவதும் அதன் அடையாளங்கள். தினமும் மோட்டாரில் தண்ணீர் ஊற்றித்தான் போட வேண்டியிருக்கிறது என்றால், முதலில் புட் வால்வைச் சந்தேகப்படுங்கள். மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை முழுதாக ஊற்றி, பத்து நிமிடம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் புட் வால்வு ஒழுகுகிறது. மட்டம் அப்படியே இருந்தும் காற்று வந்தால் ஜாயின்ட்டைப் பாருங்கள். இரண்டுக்கும் ஆகும் செலவு, புது மோட்டாரின் விலையில் சிறு பகுதிதான்.

மோட்டார் 'ம்ம்ம்...' என்று உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் கன்டன்சர் போயிருக்கும், அல்லது நாள்பட நின்றதால் இம்பெல்லர் இறுகியிருக்கும். அப்படியே விட்டால் காயில் எரிந்து, சிறிய செலவு பெரிய செலவாகிவிடும்.

லண்டன் வீட்டிலும் இதே தொல்லை!

குளிர் நாடுகளில் குடியேறிய தமிழர்களுக்கும் பழைய வீட்டு பைப் தலைவலி உண்டு. அங்கே அது குளிர் காயும் பைப். ஒரு பாய்லரில் தண்ணீரைச் சூடாக்கி, அறைக்கு அறை இருக்கும் ரேடியேட்டர்கள் வழியே சுற்றிவர விடுவார்கள். மூன்று மாடி வீட்டுக்கே 100 வாட்டுக்கும் குறைவான சின்ன பம்ப் போதும். நம் வீட்டில் ஒரு மாடிக்கு 750 வாட் மோட்டார்!

காரணம் இருக்கிறது. அங்கே தண்ணீர் மூடிய வளையத்தில் சுற்றுகிறது. மேலே ஏறும் தண்ணீரின் எடையை, மறுபக்கம் இறங்கும் தண்ணீரின் எடை சமன் செய்துவிடும். ராட்டினத்தில் ஒரு பெட்டி ஏறும்போது எதிர்ப்பெட்டி இறங்குவதுபோல. எனவே, பம்ப் போராட வேண்டியது உராய்வோடு மட்டும்தான். ஆனால், அங்கேயும் எதிரிகள் இதே இரண்டு பேர்தான்... துருவும் காற்றும். இரும்பு ரேடியேட்டரின் துரு கறுப்புச் சேறாகி அடியில் படியும். மேல் பகுதியில் காற்று சேர்ந்து சூடு ஏறாது. சின்ன சாவி போட்டுத் திருகிக் காற்றை வெளியேற்றுவார்கள்.

நம் வீட்டில் அந்தச் சாவியின் வேலையைச் செய்வது ஏர் பைப். டேங்க்கிலிருந்து கீழிறங்கும் பைப்பின் தொடக்கத்தில், டேங்க்கைவிட உயரமாகத் திறந்த வாயோடு நிற்கும் மெல்லிய குழாய். 'இது எதுக்கு அசிங்கமா?' என்று அதை வெட்டி மூடிவிட்ட வீடுகளில்தான், டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் காற்று மட்டும் வருகிறது.

பைப்பை மாற்றும்போது காணாமல் போகும் எர்த்

இதுவரை சொன்னது பணம். இனி சொல்வது உயிர்.

பழைய வீடுகள் பலவற்றில் எர்த் வயரை ஜி.ஐ. தண்ணீர் பைப்பில் கட்டிவிடும் வழக்கம் இருந்தது. பைப் முழுக்க இரும்பு. அது மண்ணுக்குள் போகிறது. கசியும் மின்சாரம் அதன் வழியே பூமிக்கு இறங்கிவிடும் என்பது கணக்கு. பிறகு பைப் ஒழுகத் தொடங்கும். ஒழுகிய துண்டை மட்டும் வெட்டிவிட்டு பி.வி.சி. போட்டு ஒட்டுவார்கள். பி.வி.சி. மின்சாரத்தைக் கடத்தாது. அந்த நிமிடத்தோடு வீட்டின் எர்த் போய்விடுகிறது. யாருக்கும் தெரியாது. விளக்கு எரியும், மோட்டார் ஓடும், எல்லாம் வழக்கம்போல நடக்கும்.

ஒருநாள் மோட்டாரிலோ கீசரிலோ மின்கசிவு ஏற்படும்போது, பூமிக்குப் போக வழியில்லாத மின்சாரம், மிச்சமிருக்கும் இரும்புப் பைப்பில் காத்திருக்கும். ஈரக் கையோடு குழாயைத் திறப்பவர்தான் அதற்கு வழி. குழாயைத் தொட்டால் லேசாக 'சுர்ர்' என்கிறதா? அது கடைசி எச்சரிக்கை. மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பைப் வேலை நடக்கும் வீட்டில் எலெக்ட்ரீஷியனும் ஒரு முறை வந்து எர்த்தைச் சோதிக்க வேண்டும். தனி எர்த் குழி போட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்த வேண்டும். இது செலவு அல்ல, காப்பீடு.

வெந்நீருக்கு வேறு பைப்

கீசரிலிருந்து வெளியே வரும் பக்கத்தில் சாதாரண பி.வி.சி. போடக் கூடாது. சூட்டில் இளகி, ஜாயின்ட் விட்டுவிடும். வெந்நீருக்கென்றே இருப்பது சி.பி.வி.சி.; சுமார் 90 டிகிரி சூடுவரை தாங்கும். டேங்க் வைத்த கீசரில் சின்னதாகத் தொங்கும் சேஃப்டி வால்வ், சொட்டுகிறது என்பதற்காக அடைக்கப்படுவதுண்டு. தெர்மோஸ்டாட் பழுதாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது காப்பாற்றுவது அதுதான். தொடர்ந்து சொட்டினால் மாற்றுங்கள், ஒருபோதும் அடைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு படியும். வருடம் ஒருமுறை சுத்தம் செய்தால் கரன்ட் மிச்சம்.

மொட்டை மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டர் பலவற்றில் பம்ப்பே இல்லை. சூடான தண்ணீர் எடை குறைந்து தானாக மேலே ஏறும். குளிர்ந்தது கீழே இறங்கும். அதனால்தான் தொட்டி எப்போதும் குழாய்களுக்கு மேலே இருக்கிறது.

நகராட்சிக் குழாயில் மோட்டார் வேண்டாம்

'தெருக்குழாயில் தண்ணி வேகமா வரலை' என்று நேராக அந்த இணைப்பிலேயே மோட்டாரைப் போடுபவர்கள் உண்டு. இது சட்டவிரோதம். பக்கத்து வீட்டின் பங்கைப் பறிப்பது மட்டுமல்ல பிரச்னை. மோட்டார் உறிஞ்சும்போது தெருவுக்கு அடியில் இருக்கும் குழாயில் அழுத்தம் சரிந்துவிடும். அதில் எங்கே கீறல் இருந்தாலும், பக்கத்தில் தேங்கி நிற்கும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். ஈரம் காட்டாத ஓட்டையின் அதே கதைதான். ஆனால், இங்கே உள்ளே வருவது காற்று அல்ல. வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை. குழாய்த் தண்ணீரை முதலில் சம்ப்பில் தானாக விழவிட்டு, அங்கிருந்து மோட்டாரில் ஏற்றுவதுதான் சரி.

தானே சொன்ன பாடம்

கடலூர் மாவட்டத்தின் அடியில் இருப்பது, ஊரின் பெயராலேயே அழைக்கப்படும் 'கடலூர் மணற்கல்' பாறை அடுக்கு. நல்ல நீர்த்தாங்கி. நெய்வேலிப் பக்கம் ஒரு காலத்தில் துளை போட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் பீறிட்டு வந்தது. நிலக்கரி தெரியவந்ததே அப்படி ஆர்ட்டீசியன் கிணறு தோண்டும்போதுதான். அந்த நிலத்தடி அழுத்தத்தைக் குறைக்கத்தான் என்.எல்.சி. சுரங்கங்களில் இன்றும் இரவு பகலாக பம்ப்புகள் ஓடுகின்றன. இப்படித் தண்ணீர் தானாக வந்த மாவட்டத்தில், இன்று ஒரு வாளித் தண்ணீருக்கும் மின்சாரம் வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. சப்மெர்சிபிள் மட்டுமே நம்பியிருந்த வீடுகளில் தண்ணீர் தரைக்கு அடியில் இருந்தது, குழாயில் இல்லை. கயிறும் ராட்டினமும் இருந்த கிணறும், தெருமுனை அடிபம்ப்பும்தான் தாகம் தீர்த்தன.

அதனால், பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது கொல்லைக் கிணற்றைக் குப்பை போட்டு மூடிவிடாதீர்கள். வலை போட்டு, ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டு வையுங்கள்.

மோட்டார் மாற்றும் முன்... ஒரு நிமிடம்!

* மாடியிலும் தரையிலும் பக்கெட் டெஸ்ட் செய்து, விநாடிகளைக் குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் பைப்பின் உடல்நிலை தெரியும்.
* புட் வால்வு, உறிஞ்சும் பக்க ஜாயின்ட், கன்டன்சர்... மூன்றையும் முதலில் பாருங்கள்.
* பழைய ஜி.ஐ. பைப்பை மாற்றுவது என்று முடிவெடுத்தால், மோட்டார் முதல் டேங்க் வரை முழுதாக மாற்றுங்கள். நடுவில் ஓரிடத்தில்கூடக் குறுக்காதீர்கள்.
* புது பைப்பைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே கொண்டுபோனால், ஒழுகல் கண்ணில் படும். வெயில் படும் இடங்களில் பெயின்ட் அடித்துவிடுங்கள்.
* மாடி பாத்ரூம் ஷவரில் தண்ணீர் மெதுவாக வந்தால், பிரஷர் பம்ப் வாங்கும் முன் டேங்க்கை ஸ்டாண்டில் உயர்த்த முடியுமா என்று பாருங்கள்.
* பிளம்பர் வேலை முடித்த அன்றே எர்த் சோதனை.

அந்த சிதம்பரம் வீட்டுக் கொல்லையில், கழற்றிப் போட்ட பழைய மோட்டார் ஒரு மூலையில் கிடக்கும். அதன் பக்கத்தில், சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த ஜி.ஐ. பைப் துண்டும் கிடக்கும். பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன், அந்தத் துண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வானத்தைப் பார்த்து, அதன் வழியே ஒருமுறை எட்டிப் பாருங்கள். வெளிச்சம் எவ்வளவு தெரிகிறதோ, அவ்வளவுதான் இத்தனை நாள் அந்த மோட்டாருக்கு இருந்த வழி.